செத்துப்போன ரிவெர்ப்: ஒரு ஸ்பிரிங்கின் வரலாறு

போன் லைன் சரியில்லேன்னா நம்ம வீடுகள்ல வழக்கமா ஒரு வசனம் வரும்: "என்னப்பா, கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு." இன்னைக்கு எபிசோட் கிடார் ஆம்ப்ளிஃபயரில் செத்துப்போன ரிவெர்ப் பத்தி. ஆனா அந்த ரிவெர்ப் எங்கிருந்து வந்ததுன்னு தேடிக்கிட்டே போனா, ஒரு பழைய போன் லைன்லதான் போய் நிக்கும். அதனால கிணத்தைக் கொஞ்ச நேரம் ஞாபகம் வெச்சுக்கோங்க.

முதல்ல விஷயம் என்னன்னு சொல்லிடறேன். அரியலூர் மாவட்டத்துல ஆலத்தியூர். வெளியூர்க்காரங்களுக்கு அது சிமெண்ட் ஆலை இருக்கிற ஊர். சுத்துவட்டாரம் பூரா சுண்ணாம்புக்கல் பூமி. அங்கே ஒரு ஆர்கெஸ்ட்ராவுல கிடார் வாசிக்கிற அண்ணன் ஒருத்தர் இருக்கார். அவர்கிட்ட நாலஞ்சு கை மாறி வந்த ஒரு பழைய டிரான்சிஸ்டர் ஆம்ப் இருக்கு. பங்குனி, சித்திரை வந்தா திருவிழாக் கச்சேரிகள் வரிசையா வரும். அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி ரிவெர்ப் நின்னு போச்சு. கிடார் சத்தம் நல்லா வருது. ஆனா ரிவெர்ப் குமிழை எவ்வளவு திருகினாலும் ஒண்ணும் நடக்கல. சர்வீஸுக்குக் கொடுத்த இடத்துல "இதுக்கெல்லாம் இப்ப பார்ட்ஸ் வர்றதில்ல, புதுசு வாங்கிக்கோங்க"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. புது ஆம்ப் வாங்கணும்னா அவரோட ஒரு சீசன் வருமானம் அப்படியே போயிடும். "நீதான் இன்ஜினியரிங் படிச்சிருக்கியே தம்பி, திறந்து பாரேன்"னு சொன்னார்.

நான் பார்க்கிறது சாஃப்ட்வேர் வேலை. எங்க வேலையில ஒரு பழைய பழக்கம் உண்டு. எங்கே உடைஞ்சிருக்குன்னு தெரியலைன்னா, பாதியில வெட்டிப் பார். எந்தப் பாதி உயிரோட இருக்கோ அதை விட்டுட்டு, மிச்சத்தைத் திரும்பவும் பாதியா வெட்டு. ஆனா இதுல ஒரு சிக்கல். எது பாதின்னு தெரியணும்னா, அந்தப் பொருளை ஏன் இப்படிக் கட்டினாங்கன்னு தெரிஞ்சிருக்கணும். அங்கேதான் வரலாறு உள்ளே வருது.

இடத்துக்கும் ஒரு குரல் உண்டு

எதிரொலியும் ரிவெர்ப்பும் வேற வேற. மலைக்கு எதிர்ல நின்னு கத்தினா, உங்க குரல் தனியா ஒரு தடவை திரும்பி வரும். அது எதிரொலி. பெரிய கல் மண்டபத்துக்குள்ள கை தட்டினா, ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன எதிரொலிகள் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து, பிரிச்சுக் கேக்க முடியாதபடி இழைஞ்சு, மெல்ல அடங்கும். அது ரிவெர்ப். தமிழ்ல முழக்கம்னு சொன்னா கிட்டத்தட்ட வந்துடும்.

இந்த முழக்கத்தை முதன்முதலா ஒழுங்கா அளந்தவர் வாலஸ் கிளெமெண்ட் சபீன். ஹார்வர்டு பல்கலைக்கழகத்துல இளம் இயற்பியல் ஆசிரியர். 1895இல் அங்கே ஃபாக் கலைக்கூடத்துல புதுசா கட்டின விரிவுரை அரங்கத்துல பேச்சே புரியல. ஒரு சொல் அடங்க அஞ்சரை விநாடி ஆச்சு. அதுக்குள்ள பேசுறவர் அடுத்த பத்துப் பதினைஞ்சு சொல்லைச் சொல்லி முடிச்சிருப்பார். எல்லாம் குழம்பிப் போச்சு. சபீன் ராத்திரி நேரத்துல பக்கத்து அரங்கத்திலிருந்து இருக்கை மெத்தைகளைத் தூக்கிட்டு வந்து, ஓர் ஆர்கன் குழாயை ஊதி, நிறுத்தற்கடிகாரத்தால நேரம் பார்த்தார். மெத்தை கூடக் கூட முழக்கம் குறைஞ்சது. அவர் கண்டுபிடிச்ச விதி ரொம்ப எளிமை. இடம் பெருசானா முழக்கம் நீளும். துணி, மெத்தை, மனுஷ உடம்பு மாதிரி சத்தத்தைக் குடிக்கிற பொருள் கூடினா முழக்கம் குறையும்.

இந்த விதியைத் திருப்பிப் படிச்சா ஒரு சமூக விஷயம் தெரியுது. முழக்கம் வேணும்னா பெரிய இடம் வேணும், கெட்டியான சுவர் வேணும். அதாவது கல்லும் பணமும் அதிகாரமும் வேணும். ஆலத்தியூர் இருக்கிற இதே அரியலூர் மாவட்டத்துலதான் ராஜேந்திர சோழன் கட்டின கங்கைகொண்ட சோழபுரம் இருக்கு. அந்த மாதிரி ஒரு மண்டபத்துல நின்னு ஒரு வரி பாடினா, சுமாரான குரலும் கம்பீரமாயிடும். ஆனா தமிழ்நாட்டுப் பெரிய கோயில்களுக்குள்ள நின்னு பாட எல்லாருக்கும் எப்போ வழி திறந்தது? மதுரை மீனாட்சியம்மன் கோயில்ல வைத்தியநாத ஐயர் தலைமையில ஆலயப் பிரவேசம் நடந்தது 1939 ஜூலை 8. அதையொட்டி அதே வருஷம் ஒரு சட்டம் வந்தது. மாகாணம் முழுக்கக் கோயில்களைத் திறந்துவிட்ட சட்டம் வர 1947 ஆச்சு. இறை தரிசனம், உரிமை, மரியாதைன்னு அந்தப் போராட்டத்துக்குப் பல முகம். ஒலியை நேசிக்கிற ஒருத்தனா எனக்கு இன்னொண்ணும் தோணும். நல்ல முழக்கம்ங்கிறதும் ரொம்ப நாள் சிலருக்கு மட்டுமே கிடைச்ச சொத்து.

போன் லைன்ல இருந்து ஆர்கனுக்கு

இப்போ அமெரிக்காவுக்குப் போவோம். 1935இல் லாரன்ஸ் ஹாமண்ட் தன்னோட மின் ஆர்கனை விற்பனைக்குக் கொண்டுவந்தார். குழாய் ஆர்கன் வாங்க வசதியில்லாத சின்னச் சர்ச்சுகளும் வீடுகளும்தான் அவர் குறி. வாங்கினவங்க ஒரு குறை சொன்னாங்க. சத்தம் வறண்டு கிடக்கு. காரணம் ஆர்கன் இல்ல, அறை. தரைவிரிப்பும் திரைச்சீலையும் சோஃபாவும் நிறைஞ்ச கூடம் அது. சபீனோட மெத்தைகள் மாதிரி எல்லாமே சத்தத்தைக் குடிச்சுடும். ஆர்கன் இசையை ஜனங்க கேட்டுப் பழகினது பெரிய தேவாலயத்துல. ஆர்கன் வீட்டுக்கு வந்துடுச்சு, தேவாலயம் வரல.

இதுக்கு வழி கிடைச்சது பெல் ஆய்வுக்கூடத்துல. அவங்க பிரச்சினையே வேற. தொலைதூரத் தொலைபேசியில நாம பேசினது அந்தப் பக்கம் போய்ப் பட்டு, கொஞ்சம் தாமதமா நம்ம காதுக்கே திரும்பி வரும். நம்ம ஊர் பாஷையில சொன்னா, கிணத்துக்குள்ள இருந்து பேசுற கதைதான். இதை ஆய்வுக்கூடத்துல உட்கார்ந்து சோதிக்கணும்னா அந்தத் தாமதத்தைச் செயற்கையா உண்டாக்கணும். மின்சாரம் கம்பியில ரொம்ப வேகமாப் போகும். அதுல கொஞ்சம் தாமதம் வேணும்னாலே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கம்பி வேணும். ஆனா அந்த மின்சாரத்தை அசைவா மாத்தி ஒரு சுருள் ஸ்பிரிங்ல அனுப்பினா, அது ஆடி அசைஞ்சு நிதானமா மறுமுனைக்குப் போகும். அந்த முனையில திரும்பவும் மின்சாரமா மாத்திக்கலாம். ஒரு முழ ஸ்பிரிங்குக்குள்ள ஒரு நீண்ட தூரம் அடங்கிப் போச்சு.

ஹாமண்ட் இதை எடுத்து ஆர்கனுக்கு மாட்டினார். 1941இல் காப்புரிமையும் வாங்கினார். பெல் ஆட்கள் தொல்லைன்னு நினைச்சு ஆராய்ஞ்ச அதே தாமதம், இவருக்கு விற்பனைச் சரக்கு. ஆரம்ப காலப் பெட்டி நாலடி உயரம். ஸ்பிரிங் அதிகமா ஆடாம இருக்க எண்ணெய்க் குழாய் எல்லாம் உண்டு. 1960 வாக்கில் ஹாமண்ட் கம்பெனி பொறியாளர்கள் இதைச் சுருக்கிச் சுருக்கி, ஒண்ணரை அடிக்கும் குறைவான ஒரு தகரத் தட்டுக்குள்ள கொண்டுவந்துட்டாங்க.

அதே காலத்துல ரெக்கார்டிங் ஸ்டுடியோக்கள் வேற வழி போச்சு. 1947இல் சிக்காகோவுல பில் புட்னம் ஸ்டுடியோ கழிப்பறையில ஒலிபெருக்கியும் மைக்கும் வெச்சு அந்த ஓட்டுச் சுவர் முழக்கத்தைப் பாட்டுல கலந்தார். 1957இல் ஜெர்மனியில ஈஎம்டி கம்பெனி ஒரு பெரிய இரும்புத் தகட்டை அதிரவிட்டு முழக்கம் எடுத்தது. அருமையான சத்தம். ஆனா எடை ஏறக்குறைய 270 கிலோ. கச்சேரிக்குத் தூக்கிட்டுப் போக முடியுமா?

ஸ்பிரிங் தட்டை ஒரு கையில தூக்கலாம். கலிஃபோர்னியாவுல லியோ ஃபெண்டர் 1961இல் இதைத் தனிப் பெட்டியா விற்றார். 1963இல் வைப்ரோவெர்ப் என்ற மாடலோட ஆம்ப்புக்கு உள்ளேயே வெச்சார். கார் ஷெட்டுல வாசிச்சுப் பழகிட்டிருந்த பசங்க கையில ஒரு தேவாலயம் கிடைச்சது. டிக் டேல் மாதிரி ஆட்கள் அதுல இருந்து சர்ஃப் இசைன்னு ஈரம் சொட்டுற ஒரு சத்தத்தையே உருவாக்கினாங்க. கல் இல்லாம முழக்கம் சாத்தியம்னு ஆனது இங்கேதான்.

திறந்து பார்ப்போம்

இப்போ அந்தத் தட்டுக்குள்ள என்ன இருக்கு? ரெண்டு அல்லது மூணு ஸ்பிரிங். ஒரு முனையில ஒரு கம்பிச்சுருள், நடுவுல அரிசி மாதிரி சின்ன காந்தம். கிடார் சிக்னல் சுருளுக்குள்ள ஓடினா காந்தம் முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கு ஸ்பிரிங் வழியா ஓடி மறுமுனைக் காந்தத்தைத் திருப்பும். அங்கே இருக்கிற இன்னொரு சுருள்ல மறுபடி மின்சாரம் பிறக்கும். ரெட்டை ஸ்பிரிங் தட்டுல ஒண்ணு சுமார் 33 மில்லிவிநாடி எடுத்துக்கும், இன்னொண்ணு 41. ரெண்டும் ஒத்துப்போகாம இருக்கிறதுதான் அழகு. முனையில பட்டுத் திரும்பித் திரும்பி ஓடுறதால முழக்கம் மூணு நாலு விநாடி கூட நீளும்.

ஆக, சங்கிலி இப்படி: ஆம்ப்புக்குள்ள ஒரு டிரைவர் சுற்று, அதுல இருந்து ஒரு ஒயர், இன்புட் சுருள், ஸ்பிரிங், அவுட்புட் சுருள், இன்னொரு ஒயர், மீட்பு ஆம்ப்ளிஃபயர், கடைசியில ரிவெர்ப் குமிழ். இதுல நடுப்புள்ளி எது? ஸ்பிரிங். மத்த எல்லாமே மின்சாரம், இது மட்டும் அசைவு. அசைவை நம்ம கையாலயே கொடுக்கலாம். அதுக்கு எந்தக் கருவியும் வேண்டாம்.

முதல் சோதனை அதுதான். ஆம்ப்பை ஆன் பண்ணி, ரிவெர்ப் குமிழைப் பாதிக்குத் திருப்பி, பெட்டியோட பக்கவாட்டுல லேசா ஒரு தட்டு. ஸ்பிரிங் உயிரோட இருந்து, அதுக்கு அப்புறம் உள்ள பாதி வேலை செஞ்சா, ஸ்பீக்கர்ல இடி இடிக்கும். நிஜமாவே மழைக்கால இடி மாதிரி உருண்டு வரும். அண்ணன் ஆம்ப்ல தட்டினோம், இடிச்சுது. அந்த ஒரே தட்டுல அவுட்புட் சுருள், ரெண்டாவது ஒயர், மீட்பு ஆம்ப்ளிஃபயர், குமிழ் எல்லாத்துக்கும் நற்சான்றிதழ் கிடைச்சாச்சு. காலால அழுத்துற சுவிட்ச் சிக்கியிருக்கோங்கிற சந்தேகமும் போச்சு. பழுது முன்பாதியில. டிரைவர், முதல் ஒயர், இன்புட் சுருள், இந்த மூணுல ஒண்ணு.

ஒருவேளை இடி வரலேன்னா? மெயின்ஸ் பக்கத்துல கை போகாம, தட்டோட அவுட்புட்ல இருந்து வர்ற ஒயரைக் கழட்டி, அதன் நுனியை விரலால தொடணும். "ம்ம்ம்"ன்னு இரைஞ்சா மீட்பு ஆம்ப்ளிஃபயர் நல்லா இருக்கு, தட்டுதான் பழுது. இரைச்சல் இல்லேன்னா ஒயர், கால் சுவிட்ச், சர்க்யூட்ன்னு அந்தப் பக்கம் தேடணும்.

எங்க விஷயத்துல அடுத்த வெட்டு: ரெண்டு ஒயரையும் இடம் மாத்திப் போட்டோம். இப்பவும் தட்டினா இடி, ஆனா ரிவெர்ப் இல்ல. அப்போ ரெண்டு ஒயரும் நல்லது. பிளக்கை உருவி, தட்டை வெளிய எடுத்தோம். தட்டு மேல ஒரு குறியீடு அச்சடிச்சிருக்கும். 4இஎன்னு தொடங்கினா 4 தட்டோட வகை, அடுத்த எழுத்து இன்புட் சுருளோட இம்பீடன்ஸ், அதுக்கடுத்தது அவுட்புட்டோடது, அப்புறம் முழக்க நீளம், எப்படிப் பொருத்தணுங்கிறது வரைக்கும் ஒரு எழுத்து. டிக்கெட்ல பி.என்.ஆர். எண் மாதிரி, தெரிஞ்சவங்களுக்கு முழுக் கதையும் அதுல இருக்கு. நம்ம தட்டுல இன்புட் இ வகை. மல்டிமீட்டர்ல 58 ஓம் பக்கம் காட்டணும். அவுட்புட் பி வகை, 200 ஓம் பக்கம். அவுட்புட்ல வெச்சோம், சரியா இருந்தது. இன்புட்ல வெச்சா மீட்டர் அசையவே இல்ல. திறந்த சுற்று.

இங்கேயே நிறுத்தி "சுருள் போச்சு, தட்டை மாத்து"ன்னும் சொல்லலாம். ஆனா இன்னும் ஒரு வெட்டு பாக்கி இருக்கு. பிளக் முனைக்கும் சுருளுக்கும் நடுவுல தலைமுடி மாதிரி ஒரு மெல்லிய ஒயர் ஓடுது. மீட்டர் முனையைப் பிளக்கை விட்டுட்டு நேரா சுருளோட காலிலேயே வெச்சோம். 58. சுருள் உயிரோட இருக்கு. பிளக்குக்குப் பக்கத்துல அந்த முடி ஒயர் அறுந்திருந்தது, அவ்வளவுதான். வருஷக்கணக்கா குட்டி யானையில ஏறி, மேடு பள்ளமெல்லாம் குலுங்கிக் குலுங்கி ஊர் ஊராப் போன தட்டு அது. ஸ்பிரிங்கோட சேர்ந்து அதுவும் ஆடி ஆடி அறுந்திருக்கு. மேல் பூச்சைச் சுரண்டி, கொஞ்சம் வளைவு விட்டு, ஒரு துளி ஈயம். செலவு பைசா இல்ல. அண்ணன் ஒரு கம்பியைத் தட்டினார், சத்தம் நீளமா வந்து அடங்குச்சு. "மண்டபம் வந்துருச்சுடா தம்பி"ன்னார்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிடணும். இது டிரான்சிஸ்டர் ஆம்ப். வால்வு ஆம்ப்னா உள்ளே 400 வோல்ட் அளவுக்கு இருக்கும், பிளக்கை உருவின பிறகும் கப்பாசிட்டர்ல தங்கி நிக்கும். வெளியில இருந்து தட்டிப் பாருங்க, தகரத் தட்டைக் கழட்டி அளங்க. உள் சர்க்யூட்டைத் தெரிஞ்சவர்கிட்ட விடுங்க.

மைக் செட்டும் அதே வம்சம்தான்

அந்த முடி ஒயர் பத்தி ஒரு விஷயம். அமெரிக்காவுல விஸ்கான்சின் மாநிலத்து மில்டன்னு ஒரு ஊர்ல செஞ்ச சில பழைய தட்டுகள்ல, இதை இங்கே அழகான பெண்கள் தயாரிச்சாங்கன்னு வேடிக்கையா ஒரு லேபிள் ஒட்டியிருப்பாங்க. இன்னைக்குப் படிச்சா நெளிய வைக்குது. ஆனா தெரியாமலே அது ஒரு உண்மையைப் பதிவு பண்ணிடுச்சு. ஹாமண்ட், ஃபெண்டர்னு பெயர் நிலைச்சவங்க ஒரு பக்கம். அந்தத் தலைமுடி ஒயரைச் சுத்தி ஈயம் வெச்ச பெண்கள் இன்னொரு பக்கம், பெயரே இல்லாம. நாங்க சரி பண்ணினது அப்படி யாரோ ஒரு தொழிலாளி வெச்ச பற்றவைப்பைத்தான்.

நம்ம பக்கம் என்ன நடந்தது? 1991க்கு முன்னாடி வெளிநாட்டு ஆம்ப் வாங்குறது லைசென்ஸும் சுங்க வரியும் சேர்ந்த பெரிய கதை. மும்பை லாமிங்டன் ரோடு, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி சந்தைகள்ல பாகம் வாங்கிச் சேர்த்துத்தான் நிறைய பேர் சத்தம் உண்டாக்கினாங்க. ஊர்ப்பக்கம் முழக்கம் வந்தது கிடார் வழியா இல்ல, மைக் செட் வழியா. பந்தலுக்கு மேல கூம்பு ஒலிபெருக்கி, மேடையில "எக்கோ வை அண்ணே"ன்னு கேக்கிற பாடகர். காதணி விழாவுல இருந்து கட்சிக் கூட்டம் வரைக்கும் அந்த எக்கோ உண்டு.

அந்த எக்கோவுல ஸ்பிரிங் இல்ல. 1969இல் ஃபிலிப்ஸ் ஆய்வுக்கூடத்துல சாங்ஸ்டர், டீர்னு ரெண்டு பேர், வாளி வாளியா தண்ணி கைமாத்துற மாதிரி மின்னூட்டத்தை வரிசையாக் கைமாத்தித் தாமதம் உண்டாக்குற சிப்பைக் கண்டுபிடிச்சாங்க. அதுக்கப்புறம் டிஜிட்டல் வந்தது. தைவான்ல செஞ்ச பிடி 2399ன்னு பதினாறு கால் சிப் ஒண்ணு கரோக்கி பெட்டி, மைக் எக்கோ போர்டுன்னு உலகம் முழுக்கப் பரவுச்சு. ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு டீ, வடை காசுக்குக் கிடைக்கிற சரக்கு.

இப்போ வேடிக்கை பாருங்க. இன்னைக்கு ஸ்பிரிங் தட்டுக்குப் பதிலா கிடார் பெடல்கள்ல பொருத்துற ஒரு குட்டிக் கறுப்புப் பெட்டி இருக்கு. அதைச் செய்யிறது பெல்டன்ங்கிற கொரியக் கம்பெனி. பழைய ஹாமண்ட் தட்டு வம்சத்தோட உரிமையும் பின்னாடி அவங்ககிட்டதான் போச்சு. அந்தக் கறுப்புப் பெட்டிக்குள்ள இருக்கிறது மூணு பிடி 2399. கலிஃபோர்னியா ஸ்பிரிங் சத்தத்தைப் போலிசெய்ய வந்த சரக்கும், நம்ம ஊர்ப் பந்தல்ல "ஹலோ மைக் டெஸ்டிங்"குக்கு எக்கோ போட்ட சரக்கும் ஒரே சிப். "பார்ட்ஸ் வர்றதில்ல"ன்னு சொல்றவங்களுக்கு இதைத்தான் சொல்லணும். பார்ட்ஸ் தெருவுல கிடக்கு. எதை எதோட சேர்க்கணுங்கிற அறிவுதான் சர்வீஸ் கவுண்டர்ல இருந்து மெல்ல மெல்ல வெளியேறிட்டிருக்கு. அது போனா, சின்ன ஊர் ஆர்கெஸ்ட்ராக்காரருக்கு ஒவ்வொரு முடி ஒயர் அறுந்தாலும் ஒரு சீசன் வருமானம் போகும்.

அதனால இந்த எபிசோட் கேட்டுட்டு ஒரு வேலை செய்யுங்க. உங்க ஊர்ல பழைய மைக் செட் அண்ணன், சவுண்ட் சர்வீஸ் மாமா யாராவது இருந்தா, எக்கோவுக்கு அப்போ என்ன பெட்டி வெச்சிருந்தாங்க, பழுதானா எப்படிச் சரி பண்ணினாங்கன்னு கேளுங்க. கேட்டதைப் போன்ல ரெக்கார்ட் பண்ணி எங்களுக்கு அனுப்புங்க. தட்டினா இடிக்குதா, விரல் வெச்சா இரையுதா மாதிரி சின்னச் சின்ன உத்திகள் அவங்க கையில நிறைய இருக்கும். நல்லா வந்தா அதையே ஒரு தனி எபிசோடாப் போடுவோம். அடுத்த வாரம் பார்க்கலாம்.